பாட்டனாரின் 14 புஞ்சை: பழைய நெசவுத் தொழில் பெயர்களைப் படிப்பது எப்படி?

எங்கள் அம்மா வழிப் பாட்டனாருக்குப் பதினாலு ஏக்கர் புஞ்சை இருந்தது என்று நாலு மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். சேலத்தில் குகை என்கிற பகுதியில் பழைய வீட்டைக் காலி செய்தபோது ஒரு கணக்கு நோட்டு கிடைத்தது. அதில் ‘௰௪ புஞ்ச’ என்று ஒரு வரி. மீதியைப் பூச்சி தின்றுவிட்டது. நான் முப்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். புஞ்சை என்று பார்த்தால் கை தானாகவே சர்வே நம்பரைத் தேடும். என் பேச்சை நம்பி அண்ணன் மகன் நிலப் பதிவேட்டைத் தேடி இரண்டு நடை அலைந்தான்.

கடைசியில் அம்மாபேட்டையில் தறிக்குழியிலேயே காலம் கழித்த ஒரு பெரியம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். “அது புஞ்சை இல்ல கண்ணு, புஞ்சம். பாவு இழைக் கணக்கு.” பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். புஞ்சம் என்பது அந்தப் பாவில் இழைகளை எண்ணிக் கட்டும் ஒரு கற்றை. ஒரே அகலத்தில் புஞ்சம் கூடக்கூடத் துணி நெருக்கமாகும். எங்கள் நிலம் அப்படிப் போயிற்று.

அதனால் முதலில் அகராதியை எடுக்காதீர்கள். எழுத்தைச் சரியாகப் படியுங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஒகர ஓகார வித்தியாசமும் கிடையாது. ஒரு பத்திரத்தில் ‘பரவொடு கூலி’ என்று எனக்குக் கண்ணில் பட்டது. பரவர் என்றால் கடற்கரை ஆட்கள், சேலத்தில் ஏது கடல்? இரண்டாவது எழுத்தைக் காலாக வைத்து, ஒகரத்தையும் நீட்டிப் பாருங்கள்: ‘பாவோடு கூலி’. நட்டு வைத்த குச்சிகளுக்கு இடையே நூலைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடந்து பாவு ஓடுகிறவர். அவருக்குச் சொந்தத் தறி இருக்கவேண்டும் என்பதில்லை; நடந்ததற்குத்தான் கூலி. ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். 1978 சீர்திருத்தத்துக்கு அப்புறம் படித்தவர்கள் அங்கேயும் தடுமாறுவார்கள். ௸ என்றால் மேற்படி, ௵ என்றால் வருஷம். வருஷத்துக்குப் பெயர் மட்டும் போட்டிருந்தால் அறுபது வருஷச் சுற்றை மறக்கக்கூடாது. பிரசோற்பத்தி 1931-லும் வரும், 1871-லும் வரும்.

அப்புறம் தொழில் எழுதியிருக்கும் இடம். பத்திரத்தில் ‘இன்னார் குமாரர், நெசவு ஜீவனம்’ என்ற வரியில் பார்க்கலாம். ஜீவனத்துக்கு முன்னால் இருப்பதுதான் தொழில். அதற்குப் பக்கத்தில் இருப்பது சாதிப் பெயரோ பட்டமோ. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். செட்டியார் என்றதும் கடை வைத்திருந்தார் என்று முடிவு கட்டுவார்கள். தேவாங்கச் செட்டியார் வீட்டில் பரம்பரையாகத் தறி ஓடியிருக்கும். சேணியர் குதிரைக்குச் சேணம் தைத்தவர் அல்ல, அவரும் நெசவாளர்தான். பட்டுநூல்காரர் என்று போட்டிருந்தால் சௌராஷ்டிரர். பட்டு நெய்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது, பருத்தியும் நெய்திருக்கலாம். கைக்கோளர் என்ற பெயர் சோழர் காலப் படையிலும் உண்டு. ஜீவனம் என்ற சொல் வரும் வரை விரலை வைத்துக்கொண்டே போங்கள்.

என்னைக் கேட்டால் தொழில் வரியைவிடச் சக்குபந்திதான் அதிகம் பேசும். நான்கெல்லையை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். ‘பாவடிக்குக் கிழக்கு, சாயக்காரர் வீட்டுக்கு வடக்கு’ என்று இருந்தால் அந்தத் தெருவின் பிழைப்பே கையில் கிடைத்த மாதிரி. பாவடி என்பது பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு ஆத்துகிற திடல். விடிவதற்கு முன்பே ஆட்கள் கூடி, வெயில் ஏறுவதற்குள் இழை ஒட்டாமல் நீவி முடிக்கவேண்டும். மழை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. இன்றைக்குத் தறியே இல்லாத தெருவிலும் பாவடி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

‘அச்சு’ ஒரு பொல்லாத சொல். அச்சகமாக இருக்கலாம், வண்டி அச்சாக இருக்கலாம், துணியில் பூ அச்சடிப்பதாகவும் இருக்கலாம். நெசவுத் தெருவில் வந்தால் இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற சாமானை முதலில் நினையுங்கள். அதைக் கட்டிக் கொடுப்பது ஒரு பிழைப்பு. பழைய பாவின் கடைசி இழைகளோடு புதுப் பாவை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற அச்சு பிணைப்பு வேறு பிழைப்பு. ‘நாடா’ என்றால் பாவாடை நாடா இல்லை, ஊடையை, அதாவது குறுக்கு நூலை, சுமந்து குறுக்கே ஓடுகிற ஓடம். ‘40 நம்பர்’ வீட்டு எண் இல்லை: ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம், அதாவது நூல் சுருள், நாற்பது இருக்கிறது என்று அர்த்தம். கும்பெனி காலத்துக் காகிதத்தில் ‘மொதர்பா’ வந்தால் அது தறிக்கும் கடைக்கும் வாங்கிய தொழில் வரி.

மில் வேலை வந்த பிறகு பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ‘தகப்பனார் தொழில்: டாபர்’ என்றுகூடப் பார்த்திருக்கிறேன். டாப்பர் இல்லை, டாஃபர்: நிறைந்த பாபினைக் கழற்றி வெறும் பாபின் மாட்டுகிறவர். ரீலிங் என்றால் நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை.

பெண்களைப் பத்திரத்தில் தேடினால் ‘இன்னார் பாரியாள்’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது. எங்கள் நோட்டின் பின்பக்கத்தில்தான் பாட்டி இருந்தார். ‘தார்’ என்று போட்டு அணாக் கணக்கு, எதிரில் அவர் பெயர். தார் சுற்றுவது என்றால் ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றி நாடாவுக்குத் தயாராக்குவது. தன் புருஷன் தறிக்குச் சுற்றியதற்கு யாரும் கூலி எழுத மாட்டார்கள். கணக்கில் வந்திருப்பதால் அடுத்த வீட்டுத் தறிக்கும் சுற்றியிருக்கிறார் என்று தெரிகிறது. அதனால் நோட்டைப் பின்னாலிருந்தும் புரட்டுங்கள்.

புரியாத சொல்லை நீங்களாகத் திருத்தி எழுதாதீர்கள். இருக்கிறபடியே எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பிறகு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, இளம்பிள்ளை எங்காவது தறியில் இருந்த பெரியவர்களிடம் போங்கள். காகிதத்தை நீட்டாமல் வாய்விட்டுப் படியுங்கள். அவர்களுக்கு அந்தச் சொல் காதில்தான் இருக்கிறது. காலையில் போகாதீர்கள், தறியில் இருப்பார்கள்.