ரைஃபிள் தோட்டாவுக்கு மருந்து தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமரைப் புதிதாகப் பொருத்தி, வெடிமருந்தை (சுருக்கமாக மருந்து) அளந்து இட்டு, வாயில் குண்டை அழுத்தி வைத்துத் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்வது அமெரிக்க இலக்குச் சுடுநர்களிடையே பரவலான, சட்டம் அனுமதிக்கும் பழக்கம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இங்கே சொல்லப்படுவது முழுவதும் அமெரிக்கச் சூழலைப் பற்றியது. இந்தக் கலைக்குப் புதிதாக வருபவர்கள் கடையில் வரிசையாக நிற்கும் மருந்து டப்பாக்களின் முன் திகைத்து நிற்பதும், தவறான காரணத்துக்காக ஒன்றை எடுத்து வருவதும் இயல்பாகவே நடக்கின்றன.

உயிருக்கே ஆபத்தான தவறிலிருந்து தொடங்க வேண்டும். மருந்தின் பெயரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதே அது. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச் 4831 ஒன்று. ஐஎம்ஆர் என்ற இன்னொரு வணிகப் பெயரில் வரும் ஐஎம்ஆர் 4831 வேறொன்று. எரியும் வேகம் ஒன்றல்ல என்பதால் ஒன்றுக்கான அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. 4350, 4895 ஆகிய எண்களிலும் இதே இரட்டைப் பெயர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புரூஸ் ஹாட்ஜ்டன் இராணுவத்தின் உபரி மருந்தை வாங்கி விற்கத் தொடங்கியபோது பழைய எண்களே நிலைத்துவிட்டன. 2003இல் ஐஎம்ஆரும் ஹாட்ஜ்டனின் கைக்கு வந்த பிறகு இரண்டு வகைகளும் ஒரே அலமாரியில் அருகருகே நிற்கின்றன. முன்னெழுத்து உட்பட முழுப் பெயரையும், தோட்டா நிரப்பும் அளவுகளைத் தரும் கையேட்டில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே டப்பாவைத் திறக்க வேண்டும். மேசை மீது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்ற பழைய விதியும் இதற்காகவே ஏற்பட்டது.

மருந்துகளை எரியும் வேகப்படி வரிசைப்படுத்தும் எரிவேகப் பட்டியலைத் தவறாகப் புரிந்துகொள்வதும் இதற்கு நெருங்கிய தவறே. பட்டியல் சொல்வது வரிசையை மட்டுந்தான். அடுத்தடுத்த இரண்டு மருந்துகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்பதை அது சொல்வதில்லை. ஒருவர் வெளியிடும் பட்டியலும் இன்னொருவருடையதும் சில இடங்களில் மாறுபடவும் செய்யும். எந்தக் குடும்பத்து மருந்துகளைப் பரிசீலிக்கலாம் என்று அறிய அது உதவும். எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு) இடலாம் என்பதை அச்சிட்ட கையேடு ஒன்றிலிருந்தே எடுக்க வேண்டும். அங்கே தரப்பட்ட தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறிப் பார்ப்பதே முறை. தொடக்க அளவுக்கும் கீழே மிகவும் இறங்குவது பாதுகாப்பானது என்று எண்ணுவதும் பிழை: மெதுவாக எரியும் மருந்து பாதிக் கூட்டில் பரவிக் கிடக்கும்போது அழுத்தம் எதிர்பாராத வகையில் தாறுமாறாகக்கூடும்.

அடுத்தது, வேகத்தை விரும்பி மருந்து தேர்வது. குண்டு நொடிக்கு ஐம்பது அடி கூடுதலாகப் பறக்கிறது என்பது பெருமை தரலாம். ஆனால் இலக்கில் துளைகள் நெருங்கி விழுவதற்கு வேகத்தைவிட வேகத்தின் சீர்மையே தேவை. 100 கஜத்தில் மட்டும் சுட்டுப் பார்ப்பவருக்கு இது எளிதில் புலப்படாது. 6.5 மி.மீ. இலக்குக் குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாவுக்குத் தோட்டா 30 அடி வேறுபாடு இருந்தால், 100 கஜத்தில் அது ஓர் அங்குலத்தின் இருபதில் ஒரு பங்கு அளவே உயர வேறுபாட்டைத் தரும். 1,000 கஜத்திலோ ஏறத்தாழ 8 அங்குலமாக விரியும். ஆகவே தொலைவில் சுடுபவர் மருந்தை மதிப்பிடும்போது காகிதத்தில் உள்ள துளைகளோடு, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியின் எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூன்று தோட்டாக்களில் நெருங்கி விழுந்த துளைகளின் ஓர் அழகான குழுவை நம்பி மருந்தை முடிவு செய்வது, என் கருத்தில், நல்ல மருந்துகள் பல அவசரமாக ஒதுக்கப்படுவதற்குக் காரணமாகிறது.

கூட்டின் கொள்ளளவுக்கும் குழலின் விட்டத்துக்கும் பொருந்தாத மருந்து இன்னொரு சிக்கல். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய கூட்டில், அதற்கு மிக வேகமான 4895 போன்ற மருந்தை இட்டால், அனுமதிக்கப்பட்ட அழுத்தம் விரைவில் எட்டப்பட்டுவிடும். கூட்டில் பெரும் இடம் காலியாகவே இருக்கும். .223 போன்ற சிறிய கூட்டில் மெதுவாக எரியும் 4831ஐ இட்டால், கூடு நிறைந்த பிறகும் போதிய அழுத்தம் எழாது. கூட்டைப் பெரும்பாலும் நிரப்பி, அழுத்த வரம்புக்குள் நின்று, தேவையான வேகத்தையும் தரும் மருந்தே பெரும்பாலும் சீராக எரியும். 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு எச் 4350 பெயர் பெற்றது இந்தப் பொருத்தத்தாலேயே. அந்தத் தோட்டாவுக்கான தொழில்துறை அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு.

சுடும்போது எழும் வாயுவால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியாக இருந்தால் இன்னொரு கணக்கும் சேரும். 1936இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற எம்1 காரண்ட் ரைஃபிளில் வாயு எடுக்கும் துளை குழலின் முனைக்கு அருகே உள்ளது. மெதுவாக எரியும் மருந்து, குண்டு அந்தத் துளையைக் கடக்கும்போதும் அதிக அழுத்தத்தோடு இருப்பதால், வாயு தள்ளும் இயக்கத் தண்டை வளைத்துவிடக்கூடும். போல்ட்டை (கூட்டின் பின்புறத்தை மூடும் உலோகப் பூட்டு) கையால் திறந்து மூடும் ரைஃபிளில் சிறப்பாக வேலை செய்த .30-06 தோட்டாவை அப்படியே காரண்டில் இடும் தவறு இன்றும் நடக்கிறது. அதற்கு 4895 போன்ற நடுத்தர வேக மருந்துகளே ஏற்றவை. 1960களில் எம்16 ரைஃபிளுக்கான தோட்டாவில் குச்சி வடிவ மணிகளாலான மருந்துக்குப் பதிலாக உருண்டை மணிகளாலான மருந்து வந்தபோது, நிமிடத்துக்குச் சுடும் எண்ணிக்கை கூடி, கோளாறுகள் பெருகியதும் இதே வகைப் பாடம்.

வெயிலை மறப்பவர்களும் உண்டு. வெப்பம் கூடினால் மருந்து வேகமாக எரிந்து அழுத்தம் உயரும். மருந்துக்கு மருந்து இந்த மாற்றத்தின் அளவு வேறுபடும். குளிர்காலத்தில் மேல்வரம்பை ஒட்டிச் சரிபார்த்த தோட்டாக்கள், கோடையில் காரின் உள்ளே கிடந்து சூடேறிய பின் போல்ட்டைத் திறக்க முடியாதபடி இறுக்கக்கூடும். அந்த இறுக்கம் அழுத்தம் ஏற்கெனவே மிகுந்துவிட்டதற்கான அறிகுறியே என்பதால், அதுவரை காத்திருப்பது முறையாகாது. பல பருவங்களில் சுடுபவர், ஹாட்ஜ்டனின் எக்ஸ்ட்ரீம் வரிசை போன்று வெப்ப மாற்றத்தைத் தாங்க உருவாக்கப்பட்ட மருந்துகளை முதலில் பார்ப்பது நல்லது.

அளக்கும் முறையையும் தேர்வில் சேர்க்க வேண்டும். உருண்டை மருந்து, கொள்ளளவால் அளந்து கொட்டும் அளவியில் தண்ணீர்போல ஓடும். நீண்ட குச்சி மருந்து அளவியின் உருளையில் வெட்டுப்பட்டு, முறைக்கு முறை எடை மாறும். எச் 4831 மருந்தின் குறுங்குச்சி வடிவம் வந்தது இதற்காகத்தான். ஒவ்வொரு தோட்டாவையும் தராசில் எடைபோட்டு நிரப்பும் பொறுமை உள்ளவருக்குக் குச்சி மருந்து தடையில்லை. ஒரு மாலையில் நூற்றுக்கணக்கில் நிரப்புபவருக்கு அது நிச்சயம் தடையே.

ஒரு பவுண்டு டப்பாவில் தோட்டாவை முழுவதும் சரிப்படுத்தி முடித்துவிட்டு, அது தீர்ந்த பிறகு அடுத்ததை வாங்கினால், தொகுப்பு எண் (ஒரே முறையில் தயாரான மருந்துக்கு இடும் எண்) மாறியிருக்கக்கூடும். அதே பெயர், அதே நிறுவனம். ஆனாலும் எரிவேகத்தில் சிறு வேறுபாடு இருக்கக்கூடும். மருந்து பிடித்துவிட்டது என்று உறுதியானதும் ஒரே தொகுப்பு எண்ணில் 8 பவுண்டுக் கலனாக வாங்கிக்கொள்வது நல்லது. அது முடியாவிட்டால், புதிய தொகுப்புக்குச் சிறிது கீழிறங்கி, அளவை மீண்டும் படிப்படியாக ஏற்றி, வேகமானியில் பழைய எண்ணோடு ஒப்பிட்ட பின்னரே போட்டிக்கான தோட்டாக்களை நிரப்ப வேண்டும்.