கண்ணிகளை எண்ணாமல் பின்னுவதும் பிற தவறுகளும்

கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயைப் பழகத் தொடங்கியவர்கள் பலர், சதுரமாக ஒரு துண்டு பின்ன நினைத்து, பத்து வரிசை முடிவதற்குள் அது முக்கோணமாகக் குறுகிவிட்டதைக் கண்டு, தமக்கு இது கைவராது என்று ஊசியை எடுத்து வைத்துவிடுகிறார்கள். கையில் குறை எதுவும் இல்லை; வரிசையின் ஓரங்களில் எந்தக் கண்ணிக்குள் ஊசியை நுழைக்க வேண்டும் என்பது கண்ணுக்கு இன்னும் பிடிபடவில்லை. சிங்கிள் குரோஷே என்னும் குட்டையான பின்னலில், வரிசை திரும்பும்போது போடும் ஒரு சங்கிலியை, அதாவது ஊசியிலுள்ள வளையத்தின் வழியே நூலை ஒருமுறை இழுத்துப் போடுவதை, பெரும்பாலும் கண்ணியாகக் கணக்கிடுவதில்லை. ஆகவே முதல் கண்ணியிலேயே பின்னத் தொடங்க வேண்டும். அதைவிட உயரமான டபுள் குரோஷேயிலோ, திரும்பும்போது போடும் மூன்று சங்கிலிகளை வழக்கமாக ஒரு கண்ணியாகவே கொள்வதால், அடுத்ததை இரண்டாம் கண்ணியில் போட்டு, வரிசையின் முடிவில் முந்தைய வரிசையின் மூன்று சங்கிலிகளின் உச்சியிலும் மறவாமல் ஒன்று போட வேண்டும். அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிடும்போதுதான் துண்டு குறுகுகிறது. 20 கண்ணிகளில் தொடங்கினால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் 20 இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஓரக் கண்ணிகளில் சிறிய ஊக்கு ஒன்றை மாட்டி வைத்தால் அவை தப்பிப்போகா. தொடக்க நாட்களில் இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மேலே நான் சொன்ன பெயர்கள் அமெரிக்க வழக்கைச் சேர்ந்தவை. அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷேயைப் பிரிட்டனில் டபுள் என்றும், அவர்களின் டபுளை டிரெபிள் என்றும் சொல்வதால், எந்த நாட்டுக் குறிப்பு என்று பாராமல் பின்னினால் உயரமும் அளவும் மாறிப்போகும்.

மெல்லிய பருத்தி நூலையும் கறுப்பு நூலையும் முதலில் தொடாதீர்கள். கண்ணிகள் தெளிவாகத் தெரியும் வெளிர்நிற, நடுத்தரத் தடிமனுள்ள நூலும் 5 மி.மீ. ஊசியும் போதும். அடுத்த வரிசையில் ஊசி நுழையாத அளவுக்குப் பின்னல் இறுகுகிறது என்றால், கண்ணியை ஊசியின் கொக்கிக்கு அருகிலுள்ள குறுகிய கழுத்திலேயே முடித்துவிடுகிறீர்கள் என்று பொருள். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது ஊசியின் தண்டுப் பகுதி. ஆகவே நூலை இழுத்தபின் கண்ணியைத் தண்டுவரை ஏற விட வேண்டும்.

இரட்டை ஊசிப் பின்னலில் (நிட்டிங்) எண்ணிக்கை குறைவதைவிடத் தானாகக் கூடுவதே மிகுதி. நூல் முன்பக்கம் கிடப்பதைக் கவனியாமல் அடுத்த கண்ணியைப் பின்னினால், ஊசிமேல் கூடுதலாக ஒரு சுற்று விழுந்து, கீழே ஓட்டையும் தெரியும். ஒரு பக்கம் நிட் (நேர்க் கண்ணி), மறுபக்கம் பர்ல் (எதிர்க் கண்ணி) என்று பின்னிய துணி ஓரங்களில் சுருள்வது மட்டும் உங்கள் பிழையன்று. அது அந்தப் பின்னலின் இயல்பு.

உடை பின்னுவோர், அளவு பார்க்க முதலில் பின்னும் சிறு மாதிரித் துண்டைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள் என்று குறிப்பு சொல்ல, உங்கள் கையில் 22 விழுந்தால், 200 கண்ணிகளில் 100 செ.மீ. வரவேண்டிய சுற்றளவு ஏறக்குறைய 91 செ.மீ.யில் நின்றுவிடும். மாதிரியைத் துவைத்து உலர்த்திய பிறகே அளக்க வேண்டும்.

பிழை தெரிந்தும் பிரிக்கத் தயங்குவது வேதனையான தவறு. குரோஷேயில் பொதுவாக ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருப்பதால், நூலை இழுத்தாலே பிழையுள்ள இடம்வரை பிரிந்து வந்துவிடும். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுவதும் திறந்திருக்கும் என்பதால், சில வரிசைகளுக்கு ஒருமுறை ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்து விட்டுவையுங்கள். பிரிக்க நேர்ந்தாலும் பின்னல் அந்த நூலோடு நின்றுவிடும்.