மெட்ராஸ்லயே ஒரே நாள்ல பயண வரலாறு பார்க்கறது எப்படி

பசங்களுக்கு பயண வரலாறுன்னு சொன்னா வாஸ்கோடகாமாவோட முடிச்சிடுவாங்க, ஆனா நம்ம ஊர்லயே ஒரு நாள் கூட்டிட்டு சுத்துனா எல்லாமே கண்ணு முன்னாடி இருக்கு. ஒரு விஷயம் மட்டும் பண்ணுங்க, ஒவ்வொரு இடத்துலயும் "இங்க வந்தவங்க எதுக்காக வீட்டை விட்டு கிளம்புனாங்க"ன்னு பசங்களை கேளுங்க.

காலைல ஆறரைக்கு மயிலாப்பூர்ல ஆரம்பிங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. கோயில், சாந்தோம் சர்ச் ரெண்டையும் நடந்தே பாருங்க, ஏன்னா அந்த காலத்துல சாமிக்காகவும் படிப்புக்காகவும்தான் ஜனங்க மாசக்கணக்கா நடந்தாங்க. யுவான் சுவாங்ங்கற புத்த பிக்கு ஏழாம் நூற்றாண்டுல சீனாவுல இருந்து காஞ்சிபுரம் வரைக்கும் வந்தாரு, ஏசுவோட சீடர் புனித தோமையார் சமாதி இந்த கரையில இருக்கறதை மார்க்கோ போலோ எழுதி வெச்சிருக்காரு.

அப்புறம் திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்கு வாங்க. மேல ஏறிடாதீங்க, முதல்ல கீழ ஓடுற பக்கிங்காம் கால்வாயை பாருங்க. இப்ப நாத்தம்தான், ஆனா ஒரு காலத்துல ஆந்திரா பக்கத்துல இருந்து படகுல அரிசி, உப்பு, விறகுன்னு வந்த வழி இது. அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவுல இருக்கற இந்த துண்டு 1876-78 தாது வருஷ பஞ்சத்துல கூலிக்காக பசியோட வந்த ஜனங்க வெட்டுனது, இதை நான் பசங்ககிட்ட நின்னு நிதானமா சொல்லுவேன், நீங்களும் சொல்லுங்க.

ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷன். எதிர்லயே துறைமுகம். அது கட்டுறதுக்கு முன்னாடி கப்பல் எல்லாம் தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும், அலையை தாண்டி ஆளையும் மூட்டையையும் கரை சேர்த்தது நம்ம மீனவங்க ஓட்டுன மசூலா படகு. ஆணியே கிடையாது, பலகையை கயிறு போட்டு தெச்சிருப்பாங்க, அலை அடிச்சா உடையாம வளைஞ்சு குடுக்கும். கட்டுமரம்ங்கற நம்ம வார்த்தைதான் இங்கிலீஷ்ல கேட்டமரான் ஆச்சு.

கும்மிடிப்பூண்டி லைன்ல அடுத்த ஸ்டாப் ராயபுரம், இதை மிஸ் பண்ணவே கூடாது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ட்ரெயின் 1856 ஜூலை 1ஆம் தேதி இங்க இருந்துதான் ஆற்காடு பக்கத்துல இருக்கற வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு கிளம்புச்சு, அந்த தூண் எல்லாம் இன்னும் நிக்குது.

மதியம் சென்ட்ரல். எதிர்ல இருக்கற ராமசாமி முதலியார் சத்திரத்தை காட்டுங்க. ஹோட்டல் வர்றதுக்கு முன்னாடி வெளியூர்க்காரங்களுக்கு தங்க இடம் குடுத்தது சத்திரம்தான், அதை புண்ணியம்னு நினைச்சு கட்டுனாங்க. சுத்திப் பார்க்கறதுக்குன்னே காசு குடுத்து கும்பலா போற டூர் அதுக்கெல்லாம் ரொம்ப பிந்தி வந்தது, 1841ல இங்கிலாந்துல தாமஸ் குக் லெஸ்டர்ல இருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங்னு சுமார் 500 பேரை ட்ரெயின்ல கூட்டிட்டு போனாரு, அதுவும் மதுவிலக்கு கூட்டத்துக்கு.

அங்க இருந்து மெட்ரோல நேரா ஏர்போர்ட். 1932 அக்டோபர் 15ல கராச்சில கிளம்புன டாடா விமானத்தை பம்பாய் வரைக்கும் ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டுனாரு, அங்க இருந்து மெட்ராஸுக்கு நெவில் வின்சென்ட் கொண்டு வந்தாரு, உள்ள இருந்தது தபால்.

திரும்பறதுக்கு எதிர்லயே திரிசூலம் ஸ்டேஷன், 1931ல பீச்-தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட ஆரம்பிச்ச அதே ரூட்டு. ஜன்னல் சீட்டை பசங்களுக்கு விட்டுடுங்க.