தௌ-ன்னா மரியாதைன்னு யாருங்க சொன்னது?

போன மாசம் எங்க அண்ணன் பையன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எழுதிட்டு வந்து காட்டினான். பத்தாவது படிக்கிறான், இங்கிலீஷ் நல்லாவே எழுதுவான். சீஃப் கெஸ்ட் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ். அவரைப் பாத்து சொல்ற மாதிரி ஒரு லைன் வச்சிருந்தான், "ரெஸ்பெக்டட் சார், தௌ ஆர் எ லைட் டு அஸ் ஆல்"னு. ஏன்டா யூ-ன்னு போடாம தௌ (thou)-ன்னு போட்டிருக்கன்னு கேட்டேன். "சித்தப்பா, யூ-ன்னா சாதாரணமா இருக்கு, பெரிய மனுஷர் இல்லையா, மரியாதையா இருக்கட்டும்னுதான்."

அவன் எழுதினதை அப்படியே தமிழ்ல சொன்னா என்ன வரும் தெரியுமா? "மதிப்பிற்குரிய ஐயா, நீ எங்களுக்கு ஒரு விளக்கா இருக்கீங்க." நீ-ன்னும் சொல்லி இருக்கீங்கன்னும் சொல்லி, ரெண்டு பக்கமும் அடி.

இந்தத் தப்பு அவன் மட்டும் பண்றது இல்ல. பிரிவு உபசார கார்டுல, கல்யாண வாழ்த்துல, மேனேஜருக்கு எழுதுற கவிதைலன்னு நிறைய பாத்துட்டேன். பழைய வார்த்தை, பைபிள்ல வருது, ஷேக்ஸ்பியர்ல வருது, அதனால கௌரவமான வார்த்தையா இருக்கும்னு ஒரு நெனப்பு. உண்மை நேர் எதிர். தௌ-ங்கிறது இங்கிலீஷோட "நீ". யூ-ங்கிறதுதான் "நீங்க". இன்னைக்கு இங்கிலீஷ்காரங்க குழந்தை, நாய்க்குட்டி, பிரதமர்னு எல்லாரையும் நீங்க போட்டுத்தான் பேசிட்டு இருக்காங்க, அவங்களுக்கே அது ஞாபகம் இல்ல.

இது எப்படி வந்துச்சுன்னா, பழைய இங்கிலீஷ்ல மரியாதை விஷயமே கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். ஒரு ஆள்னா தௌ, பல பேர்னா யீ (யூ-ங்கிறது இந்த யீயோட இன்னொரு வடிவம்தான்). ராஜாவா இருந்தாலும் ஒருத்தர்னா தௌதான். 1066-ல பிரான்ஸ் பக்கம் இருந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்தைப் பிடிச்சப்புறம் அரண்மனைல, கோர்ட்டுல எல்லாம் பிரெஞ்சு. பிரெஞ்சுல பெரிய ஆளைப் பன்மைல கூப்பிடுற பழக்கம் உண்டு, அந்தப் பழக்கம் 13-ஆம் நூற்றாண்டுல இருந்து மெல்ல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. பன்மைச் சொல்லு மரியாதைச் சொல்லா மாறுச்சு, ஒருமைச் சொல்லு நெருக்கமானவங்களுக்கும் கீழ இருக்கிறவங்களுக்கும்னு ஆச்சு. நமக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதே இல்ல, நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கிற விஷயம். "என்னை ஒருமையில பேசிட்டான்"னு சண்டைக்குப் போற ஊர் நம்ம ஊரு.

அந்தச் சண்டை அங்கயும் நடந்திருக்கு. 1603-ல வால்டர் ராலே மேல ராஜத்துரோக வழக்கு, வின்செஸ்டர்ல விசாரணை. ராலே சாதாரண ஆள் இல்ல, சர் பட்டம் வாங்கினவரு, எலிசபெத் ராணிக்கு ஒரு காலத்துல ரொம்ப வேண்டியவரு. அரசு வக்கீல் எட்வர்ட் கோக் விசாரணை நடுவுல கொதிச்சுப் போயி அவரைப் பாம்புன்னு திட்டி, "ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்"ங்கிறாரு. இங்க முதல் தௌ வினைச்சொல். அதாவது, "ஆமாடா, உன்னை டா போட்டுத்தான் பேசுவேன்டா, துரோகி"ன்னு அர்த்தம். தௌ-ங்கிறது மரியாதைன்னு நெனச்சுட்டு இந்த வரியைப் படிச்சா ஒண்ணுமே புரியாது, கோர்ட்டே அதிர்ந்து போற மாதிரியான வசவு அது.

சரி, அப்போ தௌ-ன்னாலே திட்டுன்னு எடுத்துக்கலாமான்னா, அதுவும் தப்பு. நம்ம நீ மாதிரியேதான். அம்மா பிள்ளையை நீங்கிறதும், லவ்வரை நீங்கிறதும், பஸ்ல இடிச்சவனை நீங்கிறதும் ஒரே வார்த்தை, ஆனா ஒரே அர்த்தமா? ஷேக்ஸ்பியரோட ஹேம்லெட் நாடகத்துல ஒரு இடம் இருக்கு, மூணாவது அங்கம் நாலாவது காட்சி. அப்பா செத்த கொஞ்ச நாள்லயே அம்மா சித்தப்பனைக் கட்டிக்கிட்டா, பையனுக்குத் தாங்க முடியாத கோவம். அம்மா அவனைக் கூப்பிட்டு, "ஹேம்லெட், தௌ ஹேஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்"ங்கிறா, அதாவது உன் அப்பா மனசை நோகடிச்சுட்டடா (புதுப் புருஷனைத்தான் சொல்றா). அவன் உடனே, "மதர், யூ ஹேவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்", நீங்கதான் என் அப்பாவை நோகடிச்சுட்டீங்க. இது வரைக்கும் சரி, அம்மா நீ-ன்னுவா, பிள்ளை நீங்கன்னுவான். அடுத்த வரியைத்தான் கவனிக்கணும். அம்மா பதில் சொல்றப்போ, "கம், கம், யூ ஆன்ஸர் வித் அன் ஐடில் டங்"ங்கிறா. தௌ போயிடுச்சு, யூ வந்துடுச்சு. நம்ம வீட்ல அம்மா கோவம் வந்தா, "சரிங்க சார், நீங்க பெரிய ஆளு, நீங்க சொன்னா சரிங்க"ன்னு பிள்ளைகிட்ட சொல்றாங்களே, அதேதான். மரியாதை கூடினா பாசம் தூரமா போயிடுச்சுன்னு அர்த்தம். இப்போ இருக்கிற இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச ஒரு பையன் இந்த மாத்தத்தைக் கவனிக்காமலே தாண்டிடுவான், தமிழ்ப் பையனுக்கு அது உடனே உறைக்கணும். நமக்கு ஓசில கிடைச்ச சாவி இது, ஆனா தௌ-ன்னா மரியாதைன்னு மனப்பாடம் பண்ணி அந்தச் சாவியைத் தொலைச்சுடுறோம்.

இதுல இன்னொரு எச்சரிக்கையும் இருக்கு. எங்க தௌ வந்தாலும் ஏதோ ரகசிய அர்த்தம் இருக்குன்னு தோண்டாதீங்க. அந்தக் காலத்து எழுத்துல ஒரே ஆள்கிட்டயே மாறி மாறி வரும், எதுகைக்காகவும் வரும், செத்தவங்களையும் கடவுளையும் நெலாவையும் கூப்பிடுறப்பவும் வரும். மாறுற இடத்தைப் பாருங்க, அது போதும்.

இப்போ கடவுள் விஷயத்துக்கு வரேன், குழப்பமே இங்கதான் ஆரம்பம். பைபிளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் 1520-கள்ல வேலையை ஆரம்பிச்சவரு. மூல மொழிகளான எபிரேயத்துலயும் கிரேக்கத்துலயும் ஒருமை பன்மை தனித்தனியா இருக்கு, அதனால ஒருத்தர்னா தௌ, பல பேர்னா யீ-ன்னு கறாரா வச்சாரு. 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிளும் அதையே எடுத்துக்கிச்சு. அதுல கடவுளும் தௌதான், சாத்தானும் தௌதான், பேதுருவும் தௌதான், எல்லாரும் ஒருத்தர்ங்கிற ஒரே காரணம். மரியாதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்புறம் 1700 வாக்குல பொதுப் பேச்சுல தௌ கிட்டத்தட்ட செத்துப் போச்சு, சர்ச்ல மட்டும் மிஞ்சுச்சு. சர்ச்ல மட்டுமே கேக்குற வார்த்தைன்னா ஜனங்க என்ன நெனப்பாங்க? புனிதமான வார்த்தைன்னுதான். 1952-ல முழுசா வந்த ஆர்.எஸ்.வி. (ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு வெர்ஷன்) பைபிள்ல மனுஷங்களுக்கு எல்லாம் யூ போட்டுட்டு கடவுளுக்கு மட்டும் தௌ-வை விட்டு வச்சாங்க, ஒருமையா இருந்தது சுத்தமா மரியாதையா மாறிடுச்சு. 1989-ல வந்த அதோட அடுத்த பதிப்புலதான் அதையும் எடுத்தாங்க.

நம்ம ஆளுங்க தடுமாற இன்னொரு காரணம் தமிழ் பைபிள். அதுல கடவுளை "தேவரீர்", "நீர்"னுதான் கூப்பிடுவாங்க. இந்தப் பக்கம் தேவரீர், அந்தப் பக்கம் தௌ-ன்னு வச்சு ஒப்பிட்டா ரெண்டும் ஒண்ணுன்னு தோணத்தான் செய்யும். உண்மைல தௌ-வோட தொனி சிவனை "பித்தா"ன்னு ஆரம்பிச்சுப் பாடின சுந்தரர் பக்கம்தான் கிட்ட வரும்னு எனக்குத் தோணும். ஆனா வேற ஒரு இடத்துல தமிழ் பைபிள் ரொம்ப உதவும். லூக்கா 22:31-ல இயேசு பேதுருகிட்ட, சாத்தான் "உங்களை" புடைக்கக் கேட்டுக்கிட்டான்னு சொல்லிட்டு, அடுத்த வசனத்துல "உனக்காக" வேண்டிக்கிட்டேன்னு சொல்றாரு. முதல்ல சீஷர்கள் எல்லாரும், அப்புறம் பேதுரு மட்டும். கிங் ஜேம்ஸ்ல யூ, தீ-ன்னு அது தெளிவா இருக்கும். இன்னைக்கு இங்கிலீஷ் பைபிள்ல ரெண்டு இடத்துலயும் யூ-ன்னு மட்டும் போட்டா யாரைச் சொல்றாருன்னே தெரியாது.

கிராமர் பக்கம் சுருக்கமா சொல்லிடுறேன். தௌ-ன்னா நீ, தீ-ன்னா உன்னை அல்லது உனக்கு, தை-ன்னா உன். உயிரெழுத்து சத்தத்துக்கு முன்னாடி பெரும்பாலும் தை வராது, தைன் வரும், எ ஆப்பிள் இல்லாம அன் ஆப்பிள்னு சொல்ற மாதிரி தைன் ஐஸ். உச்சரிப்பு பௌ பௌன்னு நாய் குரைக்குமே அந்த மாதிரி முடியணும், தோ-ன்னு சொல்றது தப்பு. முக்கியமா, தௌ கூட ஆர், ஹேவ், வில் எல்லாம் வராது. ஆர்ட், ஹேஸ்ட், வில்ட், ஷல்ட்னுதான் வரும், மத்த வினைக்கு எஸ்ட் ஒட்டும், தௌ நோயெஸ்ட். பழசு மாதிரி இருக்கட்டும்னு கண்ட வினைல எல்லாம் எத் ஒட்டுறாங்க பாருங்க, "ஐ லவ்வெத் தீ"ன்னு, அது கொடுமை. எத்-ங்கிறது அவன், அவள், அதுக்கு மட்டும். "நான் உன்னைக் காதலிக்கிறான்"னு சொல்ற மாதிரி இருக்கு, எந்தப் பொண்ணு ஒத்துக்கும்?

யீ-ங்கிறதுலயும் ரெண்டு குழப்பம். யீ எழுவாய், யூ செயப்படுபொருள். "யீ ஷல் நோ த ட்ரூத், அண்ட் த ட்ரூத் ஷல் மேக் யூ ஃப்ரீ", அறிவீர்கள்னா யீ, உங்களைன்னா யூ. இது ஒண்ணு. இன்னொண்ணு, பழங்காலத்துக் கடைன்னு காட்டிக்க "யீ ஓல்டு"ன்னு போர்டு வைப்பாங்களே, அந்த யீ இந்த யீயே இல்ல. அது "த". பழைய இங்கிலீஷ்ல த சத்தத்துக்குன்னே தார்ன்னு ஒரு எழுத்து இருந்துச்சு. கையெழுத்துல அது ஒய் மாதிரி ஆயிடுச்சு, அச்சுக்கோக்குறவங்ககிட்ட அந்த எழுத்து இல்லாதப்போ ஒய்யைப் போட்டுச் சமாளிச்சாங்க. படிக்கிறவங்க அன்னைக்கு த-ன்னுதான் படிச்சாங்க, நாமதான் இப்போ யீ-ன்னு படிச்சுட்டு இருக்கோம்.

ஜூலியட் பால்கனில நின்னு "வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ"ங்கிறா இல்ல, அதை எத்தனை பேர் "ரோமியோ, எங்க இருக்க"ன்னு நடிச்சுக் காட்டுறாங்க, கைய நெத்தில வச்சு தேடுற மாதிரி வேற. வேர்ஃபோர்னா எங்கன்னு அர்த்தம் இல்ல, ஏன்னு அர்த்தம். நீ ஏன்டா ரோமியோவா இருக்க, எங்க எதிரி வீட்டுப் பேரோட ஏன்டா பொறந்த, இதான் அவ கேள்வி. அடுத்த வரிலயே அப்பனை விட்டுடு, பேரை விட்டுடுன்னு சொல்றாளே.

தௌ ஏன் செத்துச்சுன்னும் கேப்பீங்க. ஒரே காரணம்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா ஊரு பெருசாகி யாரு எந்த அந்தஸ்துன்னு தெரியாதப்போ யூ-ன்னு சொல்றதுதான் சேஃப்ங்கிறது பெரிய காரணம். தெரியாத ஆட்டோ டிரைவர்கிட்ட நாம நீங்கன்னு ஆரம்பிக்கிற கணக்குதான். இதை எதிர்த்து நின்னவங்க குவேக்கர்கள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க. 1650-கள்ல ஜார்ஜ் ஃபாக்ஸும் அவர் கூட்டமும், எல்லா மனுஷனும் சமம், ஒருத்தரைப் பன்மைல கூப்பிடுறது பொய்னு சொல்லி ஜட்ஜையும் தௌ-ன்னே கூப்பிட்டாங்க. அடி, உதை, ஜெயில் எல்லாம் வாங்கினாங்க. அப்புறம் வந்த குவேக்கர்கள் எழுவாய்க்கும் தீ-யையே போட்டு, "தீ இஸ்"னு பேச ஆரம்பிச்சது தனிக் கதை. யார்க்‌ஷயர் (வட இங்கிலாந்து) பக்கம் இன்னும் சில பெரியவங்க பேச்சுல "தா"ன்னு அது உயிரோட இருக்கு. என்னைத் தா போட்டுப் பேசாதன்னு அங்க ஒரு சொலவடையே உண்டு.

தௌ போனதால இங்கிலீஷுக்கு ஒரு நஷ்டம், ஒருத்தரா பல பேரான்னு காட்ட வழி இல்ல. அதனாலதான் அமெரிக்காவோட தெற்குப் பக்கம் யால்-ன்னும், வேற வேற ஊர்ல யூ கைஸ், யூஸ்-ன்னும் புதுசா பன்மை கட்டிக்கிட்டாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா நாமளும் அதைத்தான் பண்ணினோம். பழந்தமிழ்ல நீர்ங்கிறது பன்மை, அது ஒருத்தருக்கு மரியாதையா மாறுச்சு. உடனே கள் சேத்து நீங்கள்னு புதுப் பன்மை, அதுவும் மரியாதைக்குப் போயிடுச்சு. இப்போ பல பேரைச் சொல்ல "நீங்கல்லாம்"னு சொல்றோம். யால்-ஐத் தமிழ்ல சொல்லுன்னா நான் அதைத்தான் சொல்வேன்.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் பையன் பேசாம பேனாவை எடுத்து தௌ-வை அடிச்சுட்டு யூ-ன்னு எழுதினான். போறப்போ வாசல்ல நின்னு, "அப்போ ஃப்ரெண்டுக்கு மெசேஜ் பண்றப்போ தௌ போடலாமா சித்தப்பா?"ன்னான்.

தாராளமா போடு, ஆனா பக்கத்துல ஆர் போடாத, ஆர்ட் போடுன்னேன்.