தங்கவயலில் இரண்டு நாள்: எங்கே நடப்பது, யாரிடம் பேசுவது

என் தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு (கே.ஜி.எஃப்.) போய், தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் கல் வாரினார். அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஆட்கள் ஏறி இறங்கும் இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டுகிறவர். நான் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, அங்கேயே படித்து, இப்போது பெங்களூரில் டீச்சராக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு தடவையாவது அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவேன்.

அதனால் தெரிந்தவர்கள் யார் தங்கவயலுக்குக் கிளம்பினாலும் என்னிடம் வழி கேட்பார்கள். பெரும்பாலும் பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறார்கள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். மூடிய சுரங்கத்தின் துருப்பிடித்த ஒரு ஷாஃப்டைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். இரண்டு மணிக்குத் திரும்பிவிட்டு, "பேய் நகரம் மாதிரி இருக்கு" என்கிறார்கள். ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில் அவர்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அப்போது பெங்களூரில் வேலையில் இருப்பார்கள். ஆகவே நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது: ஒரு ராத்திரி தங்குங்கள், விடியும் முன் எழுந்து மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

சரி, முறையாகச் சொல்கிறேன்.

கோலார் டவுன் வேறு, தங்கவயல் வேறு. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர். கோலார் என்று டிக்கெட் எடுத்து அங்கே இறங்கித் தேடியவர்கள் நிறைய. நீங்கள் வரவேண்டிய சந்திப்பு பங்காருபேட்டை. பெங்களூர், சென்னை இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் ரயில்கள் அங்கே நிற்கும். எல்லா ரயிலும் நிற்காது, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மாரிக்குப்பம் வரை ஒரு கிளைப்பாதை. 1894-ல் சுரங்கத்துக்காகவே போட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். தங்கவயல் என்பது ஒரே ஊர் இல்லை, ஒவ்வொரு சுரங்கத்தையும் சுற்றி வளர்ந்த பல ஊர்களின் சரம் என்பது இந்த ரயிலில் வந்தால் தானாகப் புரியும். ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் பங்காருபேட்டையிலிருந்து பஸ், ஆட்டோ இரண்டும் உண்டு. வேலூர்ப் பக்கத்திலிருந்து காரில் வருகிறவர்களுக்குக் குடியாத்தம், வி.கோட்டை வழி அழகாக இருக்கும். இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள், நடுவில் கேழ்வரகு, தக்காளித் தோட்டங்கள்.

எப்போது வருவது? அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. மழை பெய்து குன்றெல்லாம் பச்சையாக இருக்கும், காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். காரணம் காற்று. தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு வருஷத்துக்கும் மேலாகக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 3 கோடி டன்னுக்கும் மேல். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்ததால் அதற்கு சயனைடு மேடு என்று பெயர். ஆடிக் காற்றில் அந்தத் தூசி ஊர் முழுக்கப் பரவும். ஒருமுறை ஜூலையில் என் தோழியின் குடும்பத்தைக் கூட்டிப்போனேன். அவள் மகன் மேட்டு ஓரத்தில் அரைமணி நேரம் விளையாடினான். அன்று ராத்திரி முழுக்க இருமல். "ஊர்ல பொறந்த நீயே கொழந்தைய அங்க விடலாமா?" என்று அம்மா கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா கடைசிவரை மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

மேட்டைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. கீழே நின்று பாருங்கள், காற்றில்லாத காலையில். மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து, செங்குத்தான மடிப்புகளாக நிற்கும். சாயங்கால வெயிலில் சாம்பல் நிறம் ஆரஞ்சாக மாறும். கிட்டே போனால் மண்ணின் மேல் மெல்லிய ஏடு மாதிரி ஒரு பொருக்கு தெரியும். விரலால் தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கும். அடியில் இருப்பது மணல் கூட இல்லை, கோலமாவை விட நைஸான பொடி. செருப்பைக் கழற்றினால் விரலிடுக்கில் ஒட்டியிருக்கும். கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். சரிவில் ஏறாதீர்கள். உள்ளே பொள்ளலாக இருக்கும் இடங்களில் சரிந்துவிடும்.

அடுத்தது ஷாஃப்ட். கிணற்று மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தையும் அதன் உச்சியில் இருக்கும் சக்கரத்தையும் சேர்த்து நாங்கள் ஷாஃப்ட் என்றுதான் சொல்வோம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு அந்த நிலமெல்லாம் கம்பெனி இடம், அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. ரோட்டிலிருந்தே நன்றாகத் தெரியும், அது போதும். வேலி உடைந்த இடம் கண்ணில் படும், யாராவது பையன் "வாங்கண்ணா, நான் காட்டுறேன்" என்று கூப்பிடவும் கூடும். போகாதீர்கள். பம்புகள் நின்றுபோனதால் கீழே தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது, காற்று கெட்டிருக்கும், மேல் மண் எங்கே உள்வாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருட்டுத்தனமாக இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு.

ஷாஃப்டைப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். சக்கரத்தைப் பார். அது சுற்றினால் ஆள் இறங்குகிறது, இல்லை கல் ஏறுகிறது. எது என்பது மணி அடிக்கும் எண்ணிக்கையில் தெரியும். கீழேயிருந்து மணி எத்தனை தடவை அடிக்கிறதோ அதை வைத்துத்தான் அவர் இன்ஜினை ஓட்டுவார். கீழே இருப்பவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒரே கேஜில் அடிவரை போக முடியாது. ஒன்றில் இறங்கி, உள்ளேயே நடந்து, இன்னொன்றில் இறங்க வேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். இதே சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-ல் நம் விஞ்ஞானிகள் ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து, விண்வெளிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். மேலே இருக்கும் பாறை மற்ற கதிர்களை எல்லாம் தடுத்துவிடும் என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

இனி நடை. முதல் நாள் மத்தியானம் உரிகத்தில் ஆரம்பியுங்கள். வெள்ளைக்காரர்கள் இருந்த பகுதி அது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் சுரங்கத்தை எடுத்து நடத்த ஆரம்பித்த பிறகு வந்த பங்களாக்கள், மரங்கள், கிளப், சர்ச் எல்லாம் அங்கே. லிட்டில் இங்கிலாந்து என்று பேர். படம் எடுக்க நன்றாக இருக்கும், ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தை லைன்களுக்கு வையுங்கள்.

லைன் என்றால் தொழிலாளர் வீடுகளின் வரிசை. ஆரம்பத்தில் மூங்கில் தட்டிக் குடிசைகள், அப்புறம்தான் கட்டடம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரே அறை, முன்னால் சின்ன திண்ணை. ஏழு பேர் இருந்தோம். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா தூங்க வேண்டும் என்பதற்காகப் பகலில் நாங்கள் வெளியில்தான் இருப்போம். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும். நேரம் கெட்ட நேரத்தில் ஊதினாலோ, தரை அதிர்ந்து தட்டில் இருந்த டம்ளர் உருண்டாலோ, பெண்கள் எல்லாம் அப்படியே கிளம்பி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். பாறை வெடிப்பு அது, ஏர்பிளாஸ்ட் என்பார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள்தான் அந்த ஆழத்தில் பெரும்பகுதி வேலையைச் செய்தன. 120 வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே வந்திருக்கிறது. எங்கள் பாட்டி கழுத்தில் கடைசிவரை மஞ்சள் கயிறுதான்.

அந்த மக்கள் படிப்பிலும் அரசியலிலும் எவ்வளவு விழிப்பாக இருந்தார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் சென்னையில் நடத்திய தமிழன் இதழ், அவர் மறைவுக்குப் பிறகு 1926-ல் அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத்தில் வேலை முடித்து வந்த ஆட்கள் தெருவிளக்கடியில் பத்திரிகை வாசித்தார்கள் என்று தாத்தா சொல்வார். தெருவிளக்கும் சும்மா வந்ததில்லை. சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் எடுத்த மின்சாரம் 1902-ல் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக முதலில் வந்த இடம் தங்கவயல். பெங்களூருக்கு அப்புறம்தான் கிடைத்தது.

லைனில் நடக்கும்போது கேமராவைப் பைக்குள் வையுங்கள். அது யாரோ ஒருவரின் வாசல். என்னுடன் வந்த ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவைக் கேட்காமல் வீடியோ எடுத்துவிட்டார். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அந்த வரிசையில் அதற்குப் பிறகு யாரும் எங்களோடு பேசவில்லை. முதலில் வணக்கம் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம், தெலுங்கும் கன்னடமும் கலந்து பதில் வரும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், "ஐயா, நீங்க எந்த மைன்ஸ்? எந்த ஷாஃப்ட்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியில் அவர் நிமிர்ந்து உட்காருவார். "தங்கத்தை நேரில் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். அவர்கள் பார்த்தது கல். கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 3 கிராம் அளவுக்குத்தான் தங்கம் கிடைத்தது, கண்ணுக்கே தெரியாது. வீடு யார் பேரில் இருக்கிறது, சுரங்கம் மூடியபோது செட்டில்மென்ட் எவ்வளவு வந்தது என்றும் ஆரம்பிக்காதீர்கள். அவர்களே சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

சில வீடுகளில் பழைய பொருட்களை எடுத்து வந்து காட்டுவார்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் பித்தளை டோக்கன் இருக்கிறது. ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது, மேலே ஓட்டை, நடுவில் எண். ஆள் கீழே இறங்கும்போது ஒன்று, ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் ஒரு டோக்கன் குறைந்தால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இப்படி யாராவது எடுத்துக் காட்டினால் விலை கேட்காதீர்கள். இரண்டு கையால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

ராத்திரி தங்க ராபர்ட்சன்பேட்டையில் சாதாரண லாட்ஜ்கள் கிடைக்கும். சாப்பாடும் மார்க்கெட்டை ஒட்டிய மெஸ்களில்தான். சீக்கிரம் தூங்கி எழுந்திருங்கள்.

இருட்டிலேயே மாரிக்குப்பம் போய்விடுங்கள், நேரத்தை முந்தின நாளே ஆட்டோ அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரியும். லைன்களிலிருந்து டார்ச் வெளிச்சத்தோடு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கையில் டிபன் பை. பெண்கள் ஈரம் காயாத தலையில் துண்டு சுற்றியிருப்பார்கள். கார்மென்ட்ஸ், ஆஸ்பத்திரி, செக்யூரிட்டி, வீட்டு வேலை என்று பெங்களூர் வரை போய், ராத்திரி திரும்பி வருகிறவர்கள். யாருக்கு எந்தப் பெட்டி, எந்த ஜன்னல் என்பதெல்லாம் வருஷக்கணக்கில் முடிவானது. நானும் இரண்டு வருஷம் அந்த ரயிலில் போய்வந்திருக்கிறேன். எனக்கு நிட்டிங் கற்றுக் கொடுத்ததே என் பெட்டிக்காரர்கள். அப்பா காலத்தில் ஷிஃப்டுக்கு இறங்கின கூட்டமும் இதே நேரத்துக்குத்தான் கிளம்பும். அன்றைக்குக் கேஜ், இன்றைக்கு ரயில். முடிந்தால் பங்காருபேட்டை வரை அவர்களோடு நின்றுகொண்டு போய்விட்டு அடுத்த வண்டியில் திரும்புங்கள். உட்கார இடம் தேடாதீர்கள்.

இரண்டாவது நாளின் மிச்சத்தைச் சுற்றுப்புறத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கு எல்லோரும் போகிறார்கள், பெரிய லிங்கம் 108 அடி. ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டையும் பக்கம்தான். எனக்குப் பிடித்தது பேத்தமங்கலம் ஏரி. பாலாற்றுத் தண்ணீர் அங்கே தேங்கி நிற்கும். இந்தத் தண்ணீரைத்தான் பம்ப் செய்து தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். லைன் குழாயில் வரிசையில் நின்று நான் பிடித்த தண்ணீரும் அதுதான். கரையில் காலையிலேயே கொக்குகள் வரும். மழை நன்றாகப் பெய்த வருஷமாகப் பார்த்து வந்தால் ஏரி நிரம்பி, பின்னால் குன்றுகளோடு சேர்த்துப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் பேசிய பெரியவரைக் கேட்டுப் படம் எடுத்திருந்தால், ஊர் போய்ச் சேர்ந்ததும் அதைப் பிரின்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். போனில் அனுப்பினால் பேரன் போன் மாற்றும்போது போய்விடும். அதற்காகக் கிளம்பும் முன் முகவரியை அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: பெயர், வீட்டு எண், லைன் பெயர், எந்த மைன்ஸ், அப்புறம் கே.ஜி.எஃப். லைன் பெயர் விட்டுப்போனால் தபால்காரரால் கண்டுபிடிக்க முடியாது.