ரயில் வந்தால் வீடுகள் பெருகுமா? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய மெட்ரோ பாதை வந்துவிட்டாலே நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பு அடர்த்தி தானாகக் கூடிவிடும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ரயில் நிலத்தின் மதிப்பைக் கூட்டுகிறது. ஆனால் அந்த நிலத்தில் எத்தனை மாடி கட்டலாம், எவ்வளவு தளப்பரப்புக்கு அனுமதி உண்டு, வீட்டுக்கு எத்தனை வாகன நிறுத்துமிடம் கட்டாயம் என்பவற்றை விதிகளே தீர்மானிக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972-இல் ஓடத் தொடங்கிய பார்ட் ரயிலின் பல புறநகர் நிலையங்களை வாகன நிறுத்துமிடங்களும் தனி வீடுகளுமே பல பத்தாண்டுகள் சூழ்ந்திருந்தன. நிலையங்களை ஒட்டிய பார்ட் நிலங்களில் ஏக்கருக்கு 75 வீடுகளாவது கட்ட இடம்தரும்படி உள்ளூர் விதிகளைத் திருத்த, கலிபோர்னியா 2018-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வாஷிங்டனை அடுத்துள்ள ஆர்லிங்டனோ, நெடுஞ்சாலையின் நடுவே போகவிருந்த மெட்ரோ பாதையைத் தன் பழைய கடைவீதிக்கு அடியில் கொண்டுவரச் செய்து, நிலையத்தருகே உயரமான கட்டடங்கள், விலக விலகத் தாழ்ந்தவை என்று முன்கூட்டியே திட்டமிட்டது. அங்கே ரோஸ்லின் நிலையம் முதல் பால்ஸ்டன் நிலையம் வரை இன்று நிற்கும் அடுக்குமாடிகள் அந்த முடிவின் விளைவு.

கட்டடம் உயர்ந்தால் குடும்பங்களும் கூடிவிட்டன என்று எண்ணுவது அடுத்த தவறு. பன்னிரண்டு சிறு வீடுகள் கொண்ட பழைய கட்டடத்தை இடித்து, மாடிக்கு இரண்டு பெரிய வீடுகளாக ஆறு மாடி எழுப்பினால், தளப்பரப்பு பன்மடங்காகும், குடும்பங்களோ அதே பன்னிரண்டுதான். முன்பு வாடகைக்கு இருந்தவர்கள், அதாவது ரயிலை அன்றாடம் நம்பியிருக்கக்கூடியவர்கள், வெளியேறியிருப்பார்கள். இந்த இழப்பு கண்ணில் படாமல் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஆகவே மாடிகளை அல்ல, வீடுகளையும் ஆட்களையும் எண்ண வேண்டும்.

நடந்து போகக்கூடிய தொலைவு என்று வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றி 800 மீட்டர் வட்டம் போட்டு நிறுத்திவிடுவதும் கூடாது. இடையில் மதில் சுவரோ கடக்க முடியாத அகலச் சாலையோ இருந்தால், 300 மீட்டரில் உள்ள வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் சுற்றித்தான் நடக்க வேண்டியிருக்கும்.

கால அளவிலும் பிழை நேர்கிறது. பாதை அறிவிக்கப்பட்ட உடனேயே நிலம் கைமாறத் தொடங்கிவிடலாம், கட்டடங்களோ ரயில் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் எழலாம் என்பதால், திறப்பு விழா நாளை மட்டும் எல்லைக்கோடாகக் கொண்டால் விளைவின் பெரும்பகுதி தப்பிவிடும். தவிர, ஏற்கெனவே வளர்ந்துவரும் திசையில்தான் பெரும்பாலும் பாதை போடப்படுகிறது. ஆகவே ரயில் இல்லாத, மற்றபடி ஒத்த பகுதியோடு ஒப்பிடாமல் எல்லா வளர்ச்சியையும் ரயிலின் கணக்கில் எழுதக் கூடாது. அத்தகைய பகுதி கிடைக்காவிட்டால், அறிவிப்புக்கு முந்தைய பத்தாண்டுகளின் கட்டட அனுமதிப் பதிவுகளையாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.