குதிரைகளும் மிதிவண்டிகளும் சேர்ந்து செல்லும் நிதி திரட்டும் சவாரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள் ஏதேனும் ஓர் அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக, குதிரைச் சவாரி செய்பவர்களையும் மிதிவண்டி ஓட்டுபவர்களையும் ஒரே நாளில் ஒரே வழியில் அனுப்பும் சவாரிகளை நடத்துவதுண்டு. நல்ல நோக்கத்தோடு நடக்கும் இந்தச் சவாரிகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: மிதிவண்டிக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் திட்டமிட்டு முடித்துவிட்டு, குதிரைகளை அதில் பின்னர் சேர்த்துக்கொள்வது.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. நடைபாதையில் குதிரைக்கும் மிதிவண்டிக்கும் உரிமை இல்லை. இரண்டுக்கும் பொதுவானது 'பிரைடில்வே' எனப்படும் குதிரைப்பாதை. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் நடைபாதை குட்டையான பச்சைக் கோடுகளாலும் குதிரைப்பாதை நீளமான பச்சைக் கோடுகளாலும் குறிக்கப்பட்டிருப்பதால், அவசரமாகப் பார்ப்பவர் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக்கூடும். குதிரைப்பாதையில் மிதிவண்டி செல்லும் உரிமையை 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் வழங்கியது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருக்கிறது. பங்கேற்பவர்களுக்குத் தரும் குறிப்பில் இந்த நிபந்தனை முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரைபடத்தை மட்டும் நம்பாமல், சவாரிக்குச் சில நாட்களுக்கு முன்பு வழி முழுவதையும் நேரில் பார்த்துவிடுவதும் அவசியம். சவுத் டவுன்ஸ் போன்ற சுண்ணாம்புக் குன்றுகளில் மழைக்குப் பின் தரை வழுக்கும். கூரிய சிக்கிமுக்கிக் கற்கள் டயரைக் கிழிக்கும். குதிரையிலிருந்து இறங்காமல் திறக்க முடியாத வாயில்கள் இருந்தால் அங்கே ஒரு தன்னார்வலரை நிறுத்த வேண்டியிருக்கும்.

புறப்படும் வரிசையில்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. குதிரைகளை முதலில் அனுப்பிவிட்டு மிதிவண்டிகளைப் பின்னால் அனுப்புவது குதிரைகளுக்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றும். ஆனால் நடக்கும் குதிரை மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டரும், துள்ளுநடையில் ஏறத்தாழ 13 கிலோமீட்டரும் செல்ல, சமதரையில் மிதிவண்டி 20 கிலோமீட்டரை எளிதாகத் தொட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு மிதிவண்டியும் ஒவ்வொரு குதிரையையும் பின்னாலிருந்து கடக்க நேர்கிறது. குதிரை இரையாகும் விலங்கு; ஆபத்து என்று தோன்றினால் ஓடுவதே அதன் இயல்பு. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்க முடிந்தாலும், நேர் பின்புறம் அதன் பார்வைக்கு எட்டாது. அந்தத் திசையிலிருந்து ஓசையின்றி நெருங்கும் மிதிவண்டியை விட அதை மிரட்டக்கூடியது வேறு அதிகம் இல்லை. ஆகவே மிதிவண்டிகளை முதலில் அனுப்பி, அவை நன்றாக விலகிச் சென்ற பிறகு குதிரைகளைப் புறப்படச் செய்வதே சரியானது. வட்டப் பாதையாக இருந்தால் இரு தரப்பையும் எதிரெதிர்த் திசையில் அனுப்பலாம். அப்போது ஒருவரையொருவர் தொலைவிலேயே பார்த்துவிடுவார்கள், ஆனால் குறுகலான வளைவுகளில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்.

எப்படித் திட்டமிட்டாலும் சில சந்திப்புகள் தவிர்க்க முடியாதவை. மணியடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில குதிரைகளை மணியோசையே மிரட்டும். தொலைவிலிருந்தே வணக்கம் சொல்லிக் குரல் கொடுத்தால், வருவது மனிதர்தான் என்பது குதிரைக்குத் தெரியும். சவாரியாளரும் விலகிக்கொள்ள இடம் தேடுவார். பிறகு ஒற்றை வரிசையில், மெதுவாக, நிறைய இடம் விட்டுக் கடக்க வேண்டும். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அந்தக் குதிரை உதைக்கக்கூடியது என்று பொருள். மிதிவண்டிக்காரர்களில் பலருக்கு இது தெரியாது என்பதால், புறப்படும் முன் சொல்லிவிட வேண்டும். தார்ச்சாலைப் பகுதிகளில் வாகனங்கள் குதிரையை மணிக்கு 10 மைல் வேகத்துக்கு உட்பட்டு, குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கடக்க வேண்டும் என்பது 2022இல் திருத்தப்பட்ட சாலை விதித்தொகுப்பின் அறிவுரை.

பங்கேற்பவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து அவர்களை வரிசைப்படுத்தவே கூடாது. அனுமதியின்றிப் பொதுவழியில் மிதிவண்டிப் பந்தயம் நடத்துவது 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்; தவிர, முந்த வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் மேலே சொன்ன பொறுமை எவருக்கும் இருக்காது.

சங்கத்தின் வழக்கமான பொதுப் பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு) குதிரைகள் பங்கேற்கும் நிகழ்ச்சியையும் உள்ளடக்குகிறதா என்பதைக் காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். சாலையில் குதிரையேறும் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். சங்கம் அதை எல்லா வயதினருக்கும், மிதிவண்டிக்காரர்களுக்கும் விதித்துவிடுவது நல்லது. குதிரைகளை ஏற்றி வரும் வண்டிகளுக்குக் கெட்டியான தரையுள்ள தனி வயல் வேண்டும். எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே வாளியில் தண்ணீர் வைத்தால் தொற்றுநோய் பரவக்கூடும்.

இத்தனை உழைப்பும் எதற்காகவோ அந்தப் பணமே காகிதக் குறையால் இழக்கப்படுவதுதான் மிகவும் வருத்தமானது. கிஃப்ட் எய்டு திட்டத்தின்படி, வரி செலுத்துபவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அறக்கட்டளை அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறலாம். ஆனால் பங்கேற்பவர்கள் நன்கொடை சேகரிக்கும் படிவத்தில் நன்கொடையாளரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு, ஒப்புதல் குறி ஆகியவை இருக்க வேண்டும். அலுவலக முகவரியோ, பெயரின் முதலெழுத்தோடு ஒரு தொகையோ மட்டும் இருந்தால் அந்தக் கூடுதல் தொகையைக் கோர முடியாது. எனவே படிவத்தைக் கொடுக்கும்போதே, முறையாக நிரப்பிய ஒரு மாதிரி வரியை அதில் அச்சிட்டுத் தர வேண்டும். பங்கேற்புக் கட்டணம் நன்கொடையாகக் கருதப்படுவதில்லை என்பதால், அதற்குத் தனி ரசீதும் தனிக் கணக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.